‘ஹை ரிஸ்க்’ அறிக்கையும் அதற்குப் பின் வரும் வாரங்களும்

கடலூரிலோ புதுச்சேரியிலோ கர்ப்பத்தின் பன்னிரண்டாம் வாரத்தில், கருவின் பின்கழுத்து நீரின் தடிப்பை அளக்கும் என்டி ஸ்கேனுக்குப் போகும் பெண்ணிடம், பெரும்பாலும் அதே நாளில், குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பைக் கணிக்கும் டபுள் மார்க்கர் சோதனைக்கான இரத்தத்தையும் எடுத்துவிடுகிறார்கள். மாதிரி சென்னையிலோ வேறொரு பெருநகரிலோ உள்ள ஆய்வகத்துக்குப் போகிறது. சில நாள்களில் அறிக்கை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்து சேர்கிறது. மருத்துவர் வரச் சொன்ன தேதிக்கோ இன்னும் ஒரு வாரம் இருக்கும். அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘டிரைசோமி 21 – ஹை ரிஸ்க் – 1:180’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தால், அந்த வாரத்தில் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் இப்படி ஓர் அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பிவைக்கும் வழக்கமே முதலில் மாற வேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. அது மாறும்வரை, அறிக்கையைப் பெறுபவர்களாவது அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

1:180 என்பதன் பொருள், இதே அளவுகள் கொண்ட 180 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால் அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டிரைசோமி 21, அதாவது 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம், இருக்கக்கூடும், 179 பேருடைய குழந்தைகளுக்கு இராது என்பதாகும். பல ஆய்வகங்கள் 1:250 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதற்கு மேற்பட்ட வாய்ப்பு எதுவானாலும் கணினி ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சிட்டுவிடும். 1:240 வந்தவருக்குச் சிவப்பு, 1:260 வந்தவருக்குப் பச்சை; இருவருக்கும் இடையே உண்மையில் வேறுபாடு மிகச் சிறிது. உறுதி செய்யாமல் வாய்ப்பை மட்டும் சொல்லும் இத்தகைய ஸ்கிரீனிங் சோதனைகள் பாதிப்புள்ள குழந்தைகளைத் தவறவிடக் கூடாது என்ற நோக்கத்தில், வேண்டுமென்றே நிறையப் பேரைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டவை. என்டி ஸ்கேனும் டபுள் மார்க்கரும் சேர்ந்து, டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கின்றன. அதற்கு ஈடாக, பாதிப்பே இல்லாத கர்ப்பிணிகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும் ‘ஹை ரிஸ்க்’ என்று காட்டுகின்றன. பத்தாயிரம் கர்ப்பிணிகளை வைத்துக் கணக்குப் போட்டால், எண்ணூறு பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் அவர்களில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேரின் கருவில் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சோதனை அவர்களில் பதினொரு பேரைப் பிடிக்கும். கூடவே ஏறக்குறைய ஐந்நூறு பேரைத் தேவையில்லாமல் கலங்கவும் வைக்கும். ‘ஹை ரிஸ்க்’ என்று வந்த நாற்பத்தைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஒருவருக்குத்தான் அது உறுதியாகும்.

அந்த ஒருவர் நாமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இந்தக் கணக்கால் மறைந்துவிடாது. மறையவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன், கணினிக்கு என்ன விவரம் கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆபத்துக் கணக்கு தாயின் வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இருபத்தைந்து வயதில் ஆயிரத்து முந்நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும் வாய்ப்பு, முப்பத்தைந்தில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேருக்கு ஒருவராகவும், நாற்பதில் நூறு பேருக்கு ஒருவராகவும் ஏறுகிறது. அந்த அடிப்படை எண்ணை, கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரின் தடிப்பும், தாயின் இரத்தத்தில் உள்ள பாப்-ஏ, பீட்டா எச்சிஜி ஆகிய நஞ்சுக்கொடிச் சுரப்புகள் இரண்டின் அளவும் மேலோ கீழோ தள்ளுகின்றன. நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதியே சான்றிதழிலும் ஆதாரிலும் நிலைத்துவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையான வயது 33, ஆதாரில் 36 என்றால், அந்த மூன்று ஆண்டு வேறுபாடே பச்சையைச் சிவப்பாக்கப் போதும். எடையும் அப்படியே: உடல் எடை கூடக் கூட இரத்தத்தில் இப்பொருள்களின் அடர்த்தி குறையும் என்பதால், ஆய்வகம் அதைச் சரிசெய்துதான் கணக்கிடும், படிவத்தில் எடையைக் குத்துமதிப்பாக எழுதினால் விடையும் குத்துமதிப்பாகவே வரும். கருவின் வயதைக் கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்துப் போட்டார்களா, ஸ்கேனில் அளந்த கருவின் நீளத்தை வைத்துப் போட்டார்களா என்பது அதைவிட முக்கியம். ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவருக்கு முதல் முறை ஒரு வாரத்துக்கும் மேல் பிசகக்கூடும். அந்த ஒரு வாரத்தில் பீட்டா எச்சிஜியின் இயல்பான அளவே வேறாகிவிடும். நீளம் 45 மில்லிமீட்டருக்கும் 84 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும்போது எடுத்த என்டி அளவுதான் செல்லும். கருத்தரிப்புச் சிகிச்சையால் உண்டான கர்ப்பம், இரட்டைக் கரு, சர்க்கரை நோய் ஆகியவையும் படிவத்தில் இடம்பெற வேண்டும். அறிக்கையின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இவை அனைத்தும் அச்சாகியிருக்கும். கணவர் அல்லது உடன்பிறந்தவர் ஒருவர் உட்கார்ந்து அவற்றை ஃபைலில் உள்ள விவரங்களோடு ஒப்பிடலாம். தவறு இருந்தால் ஆய்வகத்திடம் சொல்லி, புதிய இரத்தம் கொடுக்காமலேயே கணக்கை மட்டும் திருத்தி வாங்க முடியும்.

விவரங்கள் சரியாக இருந்தும் எண் அப்படியே நின்றால், அடுத்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தாயின் இரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை ஆராயும் என்ஐபிடி சோதனை. தாயின் இரத்தத்தில் கருவின் டிஎன்ஏ உலவுவதை 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்ததன் விளைவு இது. பத்தாம் வாரத்திலிருந்தே செய்யலாம். டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை 99 விழுக்காட்டுக்கும் மேல் கண்டுபிடிக்கும். கருவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பல ஆயிரம் ரூபாய் செலவாகும் என்பதும், உடல் எடை அதிகமுள்ளவர்களுக்குச் சில நேரம் முடிவே வராமல் போகும் என்பதும் இதன் குறைகள். இதுவும் ஸ்கிரீனிங் சோதனையே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆராயப்படுவது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ. அரிதாக நஞ்சுக்கொடியில் இருக்கும் கோளாறு குழந்தையிடம் இராது. ஆகவே என்ஐபிடியில் பாதிப்பு என்று வந்தாலும், அதை மட்டும் நம்பிக் கருக்கலைப்பு முடிவுக்குப் போகக் கூடாது.

மற்றது, ஏறக்குறைய ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் உறுதிச் சோதனை. பதினோராம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துப் பார்க்கலாம்; பதினைந்தாம் வாரம் முடிந்த பின் பனிக்குட நீரை எடுக்கலாம். இரண்டாவதைத்தான் ஆம்னியோசென்டெசிஸ் என்கிறார்கள். ‘வயித்துல ஊசி குத்துறது’ என்று கேட்டவுடனேயே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவதால், நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடலாம். ஸ்கேன் திரையில் குழந்தை எங்கே இருக்கிறது, நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்து, குழந்தை இல்லாத பகுதியில் மெல்லிய நீண்ட ஊசியைச் செலுத்தி, 15 முதல் 20 மில்லிலிட்டர் வரை வெளிர்மஞ்சள் நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஊசி உள்ளே இருப்பது ஓரிரு நிமிடங்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. மாதவிடாய் வலி போன்ற இழுப்பு இருக்கும். முடிந்ததும் குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டுவார்கள். சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த நாள்களில் நீர்க்கசிவு, இரத்தக்கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்ப வர வேண்டும். தாயின் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நாமே நினைவூட்டுவதில் தவறில்லை. பழகிய கையால் செய்யப்படும்போது இதனால் கரு கலைவதற்கான கூடுதல் வாய்ப்பு இருநூறில் ஒன்றைவிடக் குறைவு. 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களைப் பற்றிய விரைவு முடிவு சில நாள்களிலும், முழு முடிவு இரண்டு மூன்று வாரங்களிலும் வரும்.

இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. என்டி அளவு 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஸ்கேனில் உறுப்புக் குறைபாடு எதுவும் தெரிந்தால், என்ஐபிடிக்குப் பணம் கட்டிப் பத்து நாள் காத்திருப்பதில் பொருளில்லை. என்ஐபிடி பார்ப்பது சில குரோமோசோம்களை மட்டுமே. இத்தகைய கருக்களில் அதன் பார்வைக்கு எட்டாத மரபுக் கோளாறுகளும் இருக்கக்கூடும், குரோமோசோம்கள் சரியாக இருந்தும் இதயத்தில் குறை இருக்கக்கூடும். அங்கே நேராக உறுதிச் சோதனையையும், பின்னர் கருவின் இதயத்துக்கான தனி எக்கோ ஸ்கேனையும் பற்றிப் பேசுவதுதான் முறை. மாறாக, ஸ்கேன் முழுவதும் இயல்பாக இருந்து இரத்த அளவால் மட்டும் எண் ஏறியிருப்பவருக்கு என்ஐபிடி நல்ல இடைப்படி. உறுதிச் சோதனை வேண்டாம், எந்தக் குழந்தை பிறந்தாலும் வளர்ப்போம் என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் முழு முடிவே. அப்படிச் சொல்லும் பெண்ணைப் படிக்காதவர் என்று எண்ணும் மருத்துவமனைப் பணியாளர்கள் சிலர் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வது நலம்.

கருவின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் வேறு வகையான கலக்கத்தைக் கொண்டுவரும். குழந்தையின் இதயத்தில் வெண்புள்ளி, மூளையில் சிறு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் லேசான விரிவு என்று அறிக்கையில் இருக்கும். இதயத்தில் தெரியும் வெண்புள்ளி, தசையில் சிறிது சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பது. ஆசியப் பெண்களின் கர்ப்பங்களில் இது சற்று அதிகமாகவே காணப்படுகிறது. இது இதய நோய் அன்று. மூளைக்குள் நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலில் தெரியும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தாமாகவே மறைந்துவிடும். முந்தைய சோதனைகள் இயல்பாக இருந்து, இத்தகைய குறி ஒன்றே ஒன்று தனியாகத் தென்பட்டால், அதனால் ஆபத்து எண் பெரிதாக மாறுவதில்லை. ‘குழந்தைக்கு ஹார்ட்ல ஏதோ இருக்காம்’ என்று அது வீட்டில் பரவுவதற்குள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காலக் கணக்கு இந்த விஷயம் முழுவதிலும் ஊடாடுகிறது. வீட்டில் மாதத்தில் எண்ணுகிறார்கள், மருத்துவமனையும் சட்டமும் வாரத்தில் எண்ணுகின்றன. ‘இப்பதான் அஞ்சாம் மாசம்’ என்று சொல்லும்போது அது பதினேழு வாரமாகவும் இருக்கலாம், இருபது வாரம் நிறைந்ததாகவும் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் இவ்விரண்டும் வேறு வேறு. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபது முதல் இருபத்துநான்கு வாரம் வரை, கருவில் கடுமையான குறைபாடு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவில் பெருங்குறைபாடு இருப்பதாக அரசு அமைத்த மருத்துவ வாரியம் முடிவு செய்தால் முடியும். வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. இதை அறியாமல் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் கணவருக்காகக் காத்திருந்து வாரங்களைக் கழிப்பவர்கள் உண்டு.

முதல் மருத்துவச் சந்திப்பே பதினாறாம் வாரத்தில் நடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். டபுள் மார்க்கருக்கான காலம் கடந்துவிட்டதால், இரத்தத்தில் நான்கு பொருள்களை அளக்கும் குவாட்ருபிள் சோதனை எழுதப்படுகிறது. முடிவு வரும்போது பதினெட்டு வாரம். கருநிலை மருத்துவ நிபுணரைப் பார்க்கப் பத்தொன்பது. ஊசி முடிந்து முழு முடிவு வர இருபத்திரண்டு. இதற்கிடையே ‘ஆடி போகட்டும், ஆவணியில பாத்துக்கலாம்’ என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது. சடங்குகளுக்கு நாள் பார்ப்பதில் யாருக்கும் மறுப்பில்லை, ஆனால் பனிக்குட நீர்ச் சோதனைக்கு அஷ்டமி நவமி பார்க்க இயலாது. அறிக்கை கையில் வந்த அன்றே, மருத்துவர் கொடுத்த தேதிக்குக் காத்திராமல், ‘அவசரமாகப் பார்க்க வேண்டும்’ என்று கேட்பது நியாயமானது. கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி இருப்பது இந்த வட்டாரத்தாருக்கு ஒரு நல்வாய்ப்பு. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் மாநில எல்லை அதற்குத் தடையில்லை. எங்கே போனாலும் முதல் ஸ்கேன் தொடங்கி எல்லா அறிக்கைகளையும், படங்களோடு, அசலாகவே எடுத்துப் போக வேண்டும். வளைகாப்புக்குப் பின் தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணின் ஃபைல் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுவது நம் பக்கத்தில் வாடிக்கை. அங்கே புதிய மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

இனி, மனத்தைப் பற்றி. இந்த வாரங்களில் கர்ப்பிணிக்கு நேரும் மிகப் பெரிய தொல்லை, பழி. பப்பாளி சாப்பிட்டாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள், வேலைக்குப் போய் அலைந்தாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதால் நேர்வது. கருத்தரிக்கும் முன்பே நடந்து முடிந்துவிட்ட அதைச் சோறும் நடையும் மாற்றுவதில்லை. தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் இன்றும் அதிகம் என்பதால், ‘அக்கா பொண்ணைக் கட்டினதாலதான் இப்படி’ என்ற பேச்சும் உடனே எழும். உறவுத் திருமணத்தால் அதிகரிப்பது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் நோய்கள். அது வேறு வகை, அதற்கான ஆலோசனையும் வேறு. டவுன் சிண்ட்ரோமுக்கு அது காரணமில்லை. வயது கூடினால் வாய்ப்புக் கூடும் என்பது உண்மையானாலும், இளம் வயதுத் தாய்மாரே அதிகமாகப் பிள்ளை பெறுவதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் முப்பத்தைந்துக்குக் கீழ்ப்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது என்பதை அறிக்கை வந்த அன்றே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பெரிய குடும்பத்தில் ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்னதாகும். சொன்ன பிறகு ஒவ்வொரு சோதனை முடிவையும் அத்தனை பேருக்கும் விளக்க வேண்டிவரும். கூட வரவும் கேட்கவும் ஓரிருவர் போதும். அது பெரும்பாலும் அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கும். மற்றவர்களிடம், ‘இன்னொரு டெஸ்ட் எழுதியிருக்காங்க, ரிசல்ட் வரட்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்க்கும்போது கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போவது உதவும்: இந்த எண் எதனால் ஏறியது, எந்த உறுதிச் சோதனை பொருந்தும், அதன் முடிவு எந்த வாரத்தில் வரும், வந்த பின் எங்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு. அறைக்குள் கேட்டது எதுவும் வெளியே வந்தபின் நினைவில் நிற்பதில்லை என்பதால், உடன் வருபவர் பதில்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா என்பது மட்டும் அந்தக் கேள்விகளில் வரக் கூடாது. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அதைச் சொல்வதும் கேட்பதும் குற்றம், குரோமோசோம் அறிக்கையிலும் அது மறைக்கப்பட்டே வரும்.

காத்திருக்கும் நாள்களில் சில பெண்கள் வயிற்றைத் தடவிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள், வளைகாப்புப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். பாசம் வைத்துவிட்டு இழப்பதற்கு அஞ்சி மனம் போட்டுக்கொள்ளும் வேலி அது. பாசமற்றவள் என்று அதற்குப் பொருளில்லை. நள்ளிரவில் கைப்பேசியில் தேடுவதால் தெளிவு பிறப்பதில்லை. தேட வேண்டியதைக் கணவர் பகலில் தேடி, தேவையானதை மட்டும் சொல்லலாம். இரண்டு வாரங்களுக்கு மேலும் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பின்றி இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆண்கள் இந்த நாள்களில் வண்டி ஓட்டுபவராகவும் பில் கட்டுபவராகவும் சுருங்கிப் போகிறார்கள். அவர்களுக்கும் அது தங்கள் குழந்தைதான்.

உறுதிச் சோதனையில் பாதிப்பு என்றே வந்து, பெற்றோர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால், பேறுகாலத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய உண்டு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கக்கூடும். அவற்றில் பல அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. ஆகவே பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட முன்கூட்டிய இடையீட்டு மையங்கள் இத்தகைய குழந்தைகளுக்குப் பேச்சு, தசை, நடைப் பயிற்சிகளைத் தருகின்றன. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே சென்றால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

கர்ப்பத்தை முடித்துக்கொள்ளும் பெற்றோருக்கு அதன் பின் எஞ்சுவது பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம்தான். வெளியே யாருக்கும் தெரியாததால் துக்கம் கேட்கவும் ஆள் வருவதில்லை. பால் சுரப்பு மட்டும் சில நாள்களில் வந்து நிற்கும், அதைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. ஐந்தாறு வாரம் கழித்து மறு ஆலோசனைக்குப் போவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அடுத்த குழந்தையைப் பற்றிய விடை அங்கேதான் இருக்கிறது. வழக்கமான டிரைசோமி 21 என்றால் மீண்டும் வர வாய்ப்பு நூறில் ஒன்று அளவே, அல்லது வயதுக்குரிய வாய்ப்பு, இரண்டில் எது அதிகமோ அது. குரோமோசோம் இடமாறி ஒட்டிக்கொண்ட வகை என்றால் தாய் தந்தை இருவரின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும், அங்கே எண் வேறாகலாம். குறை குரோமோசோமில் இல்லாமல் தண்டுவடம் மூடாத பிறவிக் குறையாக இருந்திருந்தால், அடுத்த முறை கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, வழக்கமான அளவைவிடப் பத்து மடங்கு ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் எழுதித் தருவார். கர்ப்பம் உறுதியான பின் தொடங்கினால் அந்த மாத்திரை வேலை செய்ய வேண்டிய நாள்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.